குறட்டையும் குலவழியும்

ஆழ்ந்து உறங்குபவரே குறட்டை விடுவர் என்பது நம் வீடுகளில் வேரூன்றிய எண்ணம். உண்மை பெரும்பாலும் வேறு. உறக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுப் பாதை சுருங்குகிறது. அவ்வழியே காற்று புகும் ஓசையே குறட்டை. சிலருக்குப் பாதை முழுவதும் அடைபட்டு, மூச்சு பத்து விநாடியோ அதற்கு மேலோ நின்றுவிடுகிறது. இரத்தத்தில் பிராணவாயு குறையவே மூளை அவரை உலுக்கி எழுப்புகிறது. மணிக்கு முப்பது முறைக்கு மேல் இவ்வாறு நிகழ்வோரும் உண்டு. காலையில் அவருக்கு ஒன்றும் நினைவிராது. தலைவலியும் பகல் தூக்கமுமே மிஞ்சும். 'ஸ்லீப் ஆப்னியா' என்னும் இந்நோயால் இரத்த அழுத்தம் ஏறி இதயமும் கெடும். 2022-ஆம் ஆண்டு பிப்ரவரியில் மறைந்த இசையமைப்பாளர் பப்பி லஹிரியின் இறப்புக்கு மருத்துவர்கள் கூறிய காரணம் இதுவே.

இது பருத்தவர்க்கு மட்டும் வரும் நோயன்று. பெற்றோர்க்கோ உடன்பிறந்தார்க்கோ இருந்தால் நமக்கும் வரும் வாய்ப்பு கூடுகிறது என்பதை அமெரிக்காவில் கிளீவ்லாந்து நகரக் குடும்பங்களை ஆராய்ந்தோர் 1995-இல் காட்டினர். நோயின் கடுமை ஆளுக்கு ஆள் வேறுபடுவதில் ஏறத்தாழ 40 விழுக்காடு மரபால் அமைவது என்பர்.

மரபு என்றால் குறட்டைக்கென்று தனியாக ஒரு ஜீன் இருப்பதாக எண்ணிவிடக் கூடாது. நாம் பெறுவது தாடையின் அளவு, நாவின் பருமன், கொழுப்பு சேரும் இயல்பு, மூச்சை ஆளும் மூளையின் போக்கு ஆகியவற்றை. 2021-இல் பின்லாந்தில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோரின் மரபணுக்களை ஆராய்ந்தபோது ஐந்து இடங்கள் தென்பட்டன. அவற்றுள் ஒன்று உடற்பருமனோடு தொடர்புள்ள எஃப்.டி.ஓ. ஜீன். ஆசிய மக்களுக்கோ தாடை அமைப்பின் காரணமாகக் குறைந்த எடையிலேயே இந்நோய் வருவதுண்டு.

எங்கள் வீட்டில் தாத்தா, பெரியப்பா, அப்பா மூவருக்குமே பின்வாங்கிய சிறிய மோவாய். தாடை சிறுத்தால் நாக்கு பின்னே சரிந்து தொண்டையை அடைக்கும். மூவரின் குறட்டையையும் பாட்டி 'குடும்பச் சொத்து' என்று கூறிச் சிரிப்பார். அப்பாவோ சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் இரவில் லாரி ஓட்டுபவர். ஆதலால் எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

மரபை மாற்ற இயலாது, நோய்க்கு வழியுண்டு. எடை குறைத்தல், ஒருக்களித்துப் படுத்தல், மதுவை விடுதல் ஆகியவை உதவும். 1981-இல் ஆஸ்திரேலிய மருத்துவர் காலின் சல்லிவன் வெளியிட்ட முறைப்படி, மூக்கில் பொருத்திய முகமூடி வழியே காற்றை அழுத்தமாகச் செலுத்தித் தொண்டையைத் திறந்து வைக்கலாம். மருத்துவரிடம் செல்கையில் அதே அறையில் உறங்குபவரையும் அழைத்துச் செல்வது நலம். மூச்சு நின்றதைக் கண்டவர் அவர்தாமே!