ஒரே பெயர், வேறு தட்டு

பதினைந்து ஆண்டுகளுக்கு முன், வடமாநிலக் கிளை ஒன்றுக்கு எனக்குப் பணியிட மாற்ற ஆணை வந்தது. திருச்சியில் குடியிருந்த பெரிய வீட்டைக் காலி செய்து, பெற்றோரைச் சிறிய வீடொன்றில் குடியமர்த்த வேண்டியதாயிற்று. என் தந்தையார் ரயில்வே கணக்குப் பிரிவில் பணிபுரிந்து ஓய்வு பெற்றவர். அவரிடம் மர அலமாரி நிறைய இசைத்தட்டுகள் இருந்தன, மொத்தம் 312. அத்தனைக்கும் புது வீட்டில் இடமில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அலமாரியின் முன் உட்கார்ந்து, ஒரே பெயரில் இரண்டிரண்டாக இருந்தவற்றைத் தனியே எடுத்து வைத்தேன். அவ்வாறு பத்தொன்பது இணைகள் தேறின. ஒவ்வோர் இணையிலும் உறை நைந்து போயிருந்ததைக் கழித்துவிட்டுப் புதிதாகத் தோன்றியதை வைத்துக்கொண்டேன். “இரண்டு எதற்கு அப்பா, ஒன்று போதாதா?” என்று கேட்டேன். “பார்த்துச் செய்யப்பா” என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. பழைய பொருள் வியாபாரி தட்டு ஒன்றுக்குப் பத்து ரூபாய் வீதம் நூற்றுத்தொண்ணூறு ரூபாய் கொடுத்தார். அன்றிரவு அப்பா தம் பதிவேட்டை எடுத்து நெடுநேரம் எழுதிக்கொண்டிருந்தார். நான் அதை எட்டிப் பார்க்கவில்லை.

நான்கு ஆண்டுகளுக்கு முன் அவர் காலமான பிறகுதான் அந்தப் பதிவேட்டைத் திறந்தேன். வரிசை எண், தலைப்பு, பாடியவர், பட்டியல் எண், வாங்கிய நாள், விலை, குறிப்பு என்று ஏழு பத்திகள். நான் விற்ற பத்தொன்பது தட்டுகளின் நேரே சிவப்பு மையில் “கொடுத்தாயிற்று” என்றும் தேதியும் இருந்தன. அவற்றுள் ஒன்று எம்.எஸ். சுப்புலட்சுமி பாடிய வேங்கடேச சுப்ரபாத எல்.பி. தட்டு. அதன் குறிப்புப் பத்தியில், “முதல் அச்சு. இனி ஒலிக்க வேண்டாம், பாதுகாக்க” என்று எழுதியிருந்தார். அதன் இணைக்கு நேரே, “நாள்தோறும் ஒலிக்க வாங்கியது” என்றிருந்தது. அவர் பாதுகாக்க வைத்திருந்ததை நான் விற்றுவிட்டேன். தேய்வதற்கென்று வாங்கியதைப் பத்திரப்படுத்தியிருக்கிறேன்.

ஒரே மதிப்புள்ள இரண்டு ரூபாய்த் தாள்கள் ஒன்றல்ல என்பதை அன்றாடம் கண்ணால் காணும் வங்கி அலுவலர் நான். ஒரே பெயருள்ள இரண்டு இசைத்தட்டுகளும் ஒன்றல்ல என்பதை மட்டும் அறியாமல் போனேன். அதன் பின்னர் கற்றுக்கொண்டவற்றுள் சிலவற்றை, வீட்டில் பழைய தட்டுகள் வைத்திருக்கும் வாடிக்கையாளர்களுக்குப் பயன்படும் என்ற எண்ணத்தில் இங்கே எழுதுகிறேன்.

ஹனோவரிலிருந்து டம்டம் வரை

1902-ஆம் ஆண்டு பிரெட் கெய்ஸ்பர்க் என்னும் ஒலிப்பதிவாளர் கிராமபோன் நிறுவனத்தின் சார்பில் கல்கத்தா வந்தார். அவர் பதிவு செய்த குரல்களுள் புகழ்பெற்றது கௌஹர் ஜானின் குரல். இந்தியாவில் அன்று தட்டு அச்சிடும் ஆலை இல்லை. பதிவுகள் ஜெர்மனியின் ஹனோவர் நகருக்குக் கப்பலில் சென்று, தட்டுகளாகித் திரும்பி வந்தன. பாட்டு முடிந்ததும் கௌஹர் ஜான் தம் பெயரைத் தாமே ஆங்கிலத்தில் சொல்வதை அந்தத் தட்டுகளில் இன்றும் கேட்கலாம். மொழி அறியாத அயல்நாட்டுத் தொழிலாளர்கள் சரியான பெயரை லேபிளில் அச்சிடுவதற்காகச் செய்யப்பட்ட ஏற்பாடு அது என்பர். இந்திய இசைத்தட்டின் பட்டியலிடும் வேலை பாடகியின் வாயாலேயே தொடங்கிற்று எனலாம்.

1908-இல் கல்கத்தாவின் சியால்டா பகுதியில் அச்சு ஆலை தொடங்கப்பட்டது. பின்னர் அத்தொழில் டம்டமுக்கு இடம்பெயர்ந்தது. அக்காலத் தட்டுகளின் முக்கிய மூலப்பொருளான அரக்கு, நம் நாட்டு மரங்களில் பூச்சிகள் சுரப்பது. நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் ஏறக்குறைய மூன்று நிமிட இசையே அடங்கும். 1948-இல் அமெரிக்காவின் கொலம்பியா நிறுவனம் வினைலால் ஆன நீள் இசைத்தட்டை, அதாவது எல்.பி.யை வெளியிட்டது. ஆனால் நம் நாட்டில் 78 சுழற்சித் தட்டுகள் உடனே மறைந்துவிடவில்லை. பீட்டில்ஸ் குழுவின் பாடல்கள் கூட 1960-களில் இங்கு 78 தட்டுகளாக அச்சிடப்பட்டன. பிரிட்டனில் அந்த வகைத் தட்டு அதற்குள் வழக்கொழிந்துவிட்டது. எனவே, இந்திய அச்சான அந்தத் தட்டுகளை வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் இன்றும் தேடுகின்றனர். பாட்டு ஒன்றுதான், அச்சான ஊரும் தட்டின் வகையும் அதன் மதிப்பை வேறாக்கிவிடுகின்றன.

ஒரு பதிவு, பல அச்சுகள்

ஒரே பதிவுக்கு எப்படிப் பல அச்சுகள் உண்டாகின்றன? முதலில் மென்பூச்சுள்ள தகட்டில் ஒலிவரிகள் வெட்டப்படுகின்றன. அதன்மேல் உலோகம் படியவைத்துப் பிரித்தால், வரிகள் புடைத்த எதிர்ப்படிவம் கிடைக்கும். அதிலிருந்து ‘தாய்’ என்னும் நேர்ப்படிவத்தையும், தாயிலிருந்து ‘ஸ்டாம்பர்’ என்னும் அச்சுத் தகட்டையும் எடுப்பர். ஸ்டாம்பர்களுக்கு இடையில் வினைலை வைத்துச் சூட்டுடன் அழுத்தினால் தட்டு பிறக்கிறது. ஸ்டாம்பர் தேய்ந்தால் தாயிலிருந்து வேறொன்று எடுக்கலாம். மூலப்படிவமே பழுதானால், ஒலிநாடாவிலிருந்து புதிதாக வெட்ட வேண்டும். அப்போது வெட்டுபவரும் கருவியும் மாறுவதால் ஒலியின் தன்மையும் சற்று மாறக்கூடும். நன்றாக விற்பனையாகும் தட்டு பல ஆண்டுகள் இவ்வாறு மீண்டும் மீண்டும் அச்சாகிறது. 1963-இல் வெளிவந்த சுப்ரபாதத் தட்டு அத்தகையது.

இந்த வரலாறு தட்டின் மீதே எழுதப்பட்டிருக்கிறது. பாட்டு முடியும் இடத்துக்கும் நடு லேபிளுக்கும் இடையில் வழுவழுப்பான வளையம் ஒன்று உண்டு. தட்டை விளக்கொளியில் சாய்த்துப் பிடித்தால், அங்கே பொறிக்கப்பட்ட எண்கள் தெரியும். அதுவே மேட்ரிக்ஸ் எண். அது எந்தப் பதிவு என்பதையும், பல தட்டுகளில் எத்தனையாவது வெட்டு என்பதையும் காட்டும். லேபிளில் அச்சிட்ட பட்டியல் எண் கணக்கு எண்ணைப் போன்றது. மேட்ரிக்ஸ் எண் நாணயத்தில் உள்ள சாலை அடையாளத்தைப் போன்றது. முன்னது எதை வாங்கினோம் என்று சொல்லும். பின்னது அது எங்கிருந்து வந்தது என்று சொல்லும்.

இங்கிலாந்தில் ஹேய்ஸ் நகரத்து இ.எம்.ஐ. ஆலையில் இதற்கு மேலும் நுணுக்கமான முறை இருந்தது. ‘கிராமபோன் லிமிடெட்’ என்பதன் ஆங்கிலச் சுருக்கத்திலிருந்து பத்து எழுத்துகளை எடுத்து, ஜி என்றால் 1, ஆர் என்றால் 2, ஏ என்றால் 3 என்ற வகையில் ஸ்டாம்பர் எண்ணை எழுத்தால் குறித்தனர். நம் ஊர் ஜவுளிக் கடைகளில் அடக்க விலையைச் சங்கேத எழுத்தில் துணியின் சீட்டில் எழுதி வைக்கும் வழக்கம் நினைவுக்கு வருகிறது. சீட்டு எல்லார் கண்ணிலும் படும். அதைப் படிக்கத் தெரிந்தவர் சிலரே.

உறையும் சாட்சி சொல்லும். கிராமபோன் நிறுவனத்தின் இந்திய அமைப்பு 1968-இல் பொது நிறுவனமாக மாறிற்று. எனவே “பிரைவேட் லிமிடெட்” என்ற சொற்கள் உறையில் இருந்தால், அந்த உறை பெரும்பாலும் அதற்கு முந்தியது. “சரிகம” என்றிருந்தால், 2000-இல் பெயர் மாறியதற்குப் பிந்தியது. எண்ணின் முன்னொட்டும் உதவும். எச்.எம்.வி.யின் இந்தியத் தட்டுகளில் ‘ஈ.ஏ.எல்.பி.’ என்று தொடங்குபவை ஒற்றைத்தட ஒலி, ‘ஈ.ஏ.எஸ்.டி.’ என்று தொடங்குபவை ஸ்டீரியோ. ஆனால் ஓர் எச்சரிக்கை: உறையும் தட்டும் பிரிந்து மாறியிருக்கலாம். கடனுக்கு ஈடாக வரும் பத்திரத்தில் ஒரு பக்கத்தை மட்டும் பார்த்து நாம் கையொப்பம் இடுவதில்லை. இங்கும் உறை, லேபிள், மேட்ரிக்ஸ் எண் மூன்றும் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்க வேண்டும்.

பட்டியலிட்டவர்கள்

இத்தகைய விவரங்களைத் தொகுப்பது வெறும் பொழுதுபோக்கு என்று எண்ணிவிட வேண்டாம். ஆலைகளின் பதிவேடுகள் எல்லாம் தப்பிப் பிழைக்கவில்லை. பல பாடகர்கள் எந்த ஆண்டில் எதைப் பாடினார்கள் என்பதற்குத் தட்டுகளே ஆதாரம். ஆஸ்திரேலியரான மைக்கேல் கின்னியர், 1899 முதல் 1908 வரை கிராமபோன் நிறுவனம் செய்த இந்தியப் பதிவுகளைத் தொகுத்து நூலாக்கினார். மும்பையில் 1990-இல் தொடங்கிய இந்திய இசைத்தட்டுச் சேகரிப்பாளர் சங்கம் ‘தி ரெக்கார்ட் நியூஸ்’ என்னும் இதழை நடத்திற்று. சென்னையில் வி.ஏ.கே. ரங்காராவ் பல்லாயிரம் தட்டுகளைத் திரட்டினார். கான்பூரின் ஹர்மந்திர் சிங் ‘ஹம்ராஸ்’, இந்தித் திரைப்படப் பாடல்களை 1931 முதல் படம்படமாகத் தொகுத்து, ‘ஹிந்தி ஃபில்ம் கீத் கோஷ்’ என்னும் பெருந்தொகுதிகளாக வெளியிட்டார். அவர் வங்கி ஊழியர் என்பதை அறிந்தபோது எனக்கு வியப்பு ஏற்படவில்லை. சிறிது பெருமை ஏற்பட்டது. இன்று டிஸ்காக்ஸ் என்னும் இணையத் தரவகத்தில், ஒரே தட்டின் ஒவ்வோர் அச்சுக்கும் தனிப் பதிவு இருக்கிறது. நம் கையில் உள்ள தட்டை அதனுடன் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

உங்கள் வீட்டுப் பதிவேடு

வீட்டில் தட்டுகள் இருப்பவர்கள் முதலில் செய்ய வேண்டியது விற்பதும் அன்று, வாங்குவதும் அன்று, எழுதுவது. ஒரு நோட்டுப் புத்தகமோ கணினி அட்டவணையோ போதும். வரிசை எண், தலைப்பு, கலைஞர், நிறுவனம், பட்டியல் எண், இரு பக்க மேட்ரிக்ஸ் எண்கள், சுழற்சி வேகம், உறையின் நிலை, தட்டின் நிலை, வந்த வழி ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். லேபிளையும் உறையையும் படமெடுத்து உடன் வையுங்கள். ஒரு வரிசை எண்ணை ஒரு தட்டுக்கு மட்டுமே கொடுங்கள். தட்டு கைவிட்டுப் போனாலும் அந்த எண்ணை வேறொன்றுக்குக் கொடுக்காதீர்கள். கணக்கில் நாம் அடித்துத் திருத்துவதில்லை அல்லவா?

தட்டின் நிலையைக் குறிக்கும்போது வணிகச் சொற்களில் கவனம் தேவை. உலக அளவில் வழங்கும் தர வரிசையில் ‘குட்’ என்று குறித்த தட்டு உண்மையில் கீறலும் இரைச்சலும் மிகுந்தது. ‘நியர் மின்ட்’ என்பதே நல்ல தட்டு. சொல்லை நம்பி விலை கொடுத்தவர் பலர்.

பராமரிப்பு எளிது. தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல் புத்தகம் போல நிமிர்த்தி வையுங்கள். வெயிலும் சூடும் வினைலை வளைத்துவிடும். 78 சுழற்சித் தட்டைச் சாராயக் கலப்புள்ள திரவத்தால் துடைக்கவே கூடாது. அரக்கு அதில் கரையும். அதன் வரிகள் அகலமானவை என்பதால், எல்.பி.க்குரிய ஊசியால் அதை ஒலிக்கச் செய்வதும் தவறு.

முதலீடாகக் கருதி இதில் இறங்க வேண்டாம் என்பது வங்கி அலுவலர் என்ற முறையில் என் அறிவுரை. விலை சிலருடைய விருப்பத்தைப் பொறுத்தது. வேண்டிய நாளில் வாங்க ஆள் கிடைக்கும் என்ற உறுதி இல்லை. ஆனால் மதிப்பு வேறு. வைப்புக் கணக்குக்கும் பாதுகாப்புப் பெட்டகத்துக்கும் நியமனதாரரைக் குறிக்கப் படிவம் இருக்கிறது. வீட்டு அலமாரியில் உள்ள சேகரிப்புக்கு அப்படி ஒரு படிவம் இல்லை. உங்கள் பதிவேடும், உயிலில் எழுதும் ஒரு வரியுமே அதற்குத் துணை. பதிவேடு எழுதினால் மட்டும் போதாது. அதைப் பிள்ளைகளுடன் உட்கார்ந்து ஒருமுறை படித்தும் காட்டுங்கள். அப்பா எழுதி வைத்திருந்தார், நான் படித்திருக்கவில்லை. எங்கள் வீட்டில் நேர்ந்த இழப்பு அதனால்தான்.

முன்னூற்றுப் பதின்மூன்றாம் எண்

இப்போது கொல்கத்தாவில் பணிபுரிகிறேன். ஃப்ரீ ஸ்கூல் தெருவின் பழைய இசைத்தட்டுக் கடைகளுக்கு ஞாயிறுதோறும் போவது வழக்கமாகிவிட்டது. சென்ற குளிர்காலத்தில் ஒரு கடையில் அந்தச் சுப்ரபாதத் தட்டு கிடைத்தது. உறையில் “பிரைவேட் லிமிடெட்” என்றிருந்தது. நெஞ்சு படபடக்கத் தட்டை வெளியே எடுத்து விளக்கொளியில் சாய்த்துப் பார்த்தேன். லேபிளில் “பிரைவேட்” என்ற சொல் இல்லை. மேட்ரிக்ஸ் எண்ணும் அப்பாவின் குறிப்பில் உள்ளதற்குப் பிந்திய வெட்டைக் காட்டிற்று. பழைய உறைக்குள் யாரோ புதிய தட்டை இட்டிருந்தார்கள்.

கடைக்காரர் சொன்ன விலையைக் கொடுத்து வாங்கி வந்தேன். அன்றிரவு அப்பாவின் பதிவேட்டில், அவருடைய கடைசி வரிக்குக் கீழே, 313 என்று எண்ணிட்டு விவரங்களை எழுதினேன். குறிப்புப் பத்தியில் இவ்வாறு எழுதியிருக்கிறேன்: “உறை பழையது, தட்டு பிந்தியது. 47-ஆம் எண்ணுக்கு ஈடாகாது. அது இன்னும் தேடப்படுகிறது.”