அசல் வாளா? அதில் எது அசல்?

பழைய ஐரோப்பிய வாள் ஒன்று கைக்கு வந்தால், 19ஆம் நூற்றாண்டுச் சேகரிப்பாளர் முதலில் அதில் பொறித்திருக்கும் பெயரைத்தான் தேடுவார். ‘ஆந்த்ரேயா ஃபெராரா’ என்றிருந்தால் இத்தாலி. ‘சஹாகூன்’ என்றால் ஸ்பெயினின் டொலேடோ. ஓடும் ஓநாய் முத்திரை என்றால் ஜெர்மனியின் பாஸாவ். விலையும் அதற்கேற்ப ஏறும்.

இன்று அதே பெயர்களைக் கண்டால் நிபுணர் சற்று நிதானிக்கிறார். ஜெர்மனியின் ஸோலிங்கன் கொல்லர்கள் பாஸாவ் ஓநாயையும் ஸ்பானியப் பெயர்களையும் தங்கள் அலகுகளில் தாராளமாகப் பொறித்திருக்கிறார்கள். வாள் போருக்குப் போன நாளிலேயே போலி முத்திரையும் இருந்தது. 9 முதல் 11ஆம் நூற்றாண்டு வரையிலான ‘உல்ஃப்பெர்ட்’ என்ற பெயர் பொறித்த வாள்களிலும் இதே கதைதான். உலோகவியலாளர் ஆலன் வில்லியம்ஸ் ஆராய்ந்தவற்றில், பெயரோடு பொறித்த இரண்டு சிலுவைக் குறிகளில் இரண்டாவது, பெயரின் கடைசி எழுத்துக்கு முன்னால் அமைந்த சில வாள்கள் கரிமம் மிகுந்த உயர்ந்த எஃகு. குறி இடம் மாறிப் பெயருக்குப் பின்னால் வந்தவை பலவற்றில் இரும்பின் தரம் இறங்கிவிடுகிறது.

சேகரிப்பாளருக்கு வேறொரு ஆபத்தும் இருந்தது. வால்டர் ஸ்காட்டின் நாவல்கள் கிளப்பிய வீரயுக மோகத்தில் 1839இல் ஸ்காட்லாந்தின் எக்லின்டனில் குதிரைவீரர் போட்டியே நடத்திப் பார்த்தார்கள். அதற்குக் கவசம் கொடுத்த லண்டன் வியாபாரி சாமுவேல் பிராட், புதிதாகச் செய்ததைப் பழையதென்றும் விற்றவர். பின்னாளில் மியூனிக்கின் எர்ன்ஸ்ட் ஷ்மிட் பட்டறை, நகல் என்று சொல்லியே பட்டியல் போட்டு விற்றது. அந்த நகல்களுக்கும் இன்று நூறு வயது தாண்டிவிட்டது. துருவும் தேய்மானமும் இயல்பாகவே ஏறியிருக்கின்றன. பழையதாகத் தெரிவது மட்டும் சான்றாகாது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

பெயரை விட்டு வடிவத்தைப் படிக்கக் கற்றது 20ஆம் நூற்றாண்டு. 1919இல் நார்வேயின் யான் பீட்டர்சன் வைக்கிங் வாள்களைக் கைப்பிடியை வைத்து வகைப்படுத்தினார். அதை 1927இல் ஏழு வகைகளாகச் சுருக்கியவர், பின்னாளில் நம் அரிக்கமேட்டை அகழ்ந்த மார்டிமர் வீலர். வாள் ஆய்வாளர் எவர்ட் ஓக்‌ஷாட் மேலும் இரண்டைச் சேர்த்தார். அதனால் இடைக்கால வாள்களுக்குத் தாம் வகுத்த வரிசையைப் பத்தாம் எண்ணிலிருந்து தொடங்கினார். அலகின் அகலம், நடுப்பள்ளத்தின் நீளம், குமிழின் உருவம் ஆகியவை ஒரே காலத்தைச் சொல்கின்றனவா என்று ஒப்பிட அவருடைய வகைப்பாடு இன்றும் உதவுகிறது.

கையில் தூக்கிப் பார்ப்பதும் ஒரு சோதனை. ஒருகை வாள் பெரும்பாலும் ஒன்றேகால் கிலோவை ஒட்டியே இருக்கும். பிடியருகே தடித்த அலகு நுனிக்குப் போகப்போக மெலியும். ஒரே தடிமனில் வெட்டிய நகல், தூக்கியதும் முன்பக்கம் கனத்துத் தொங்கும்.

இப்போது பார்வை உலோகத்துக்குள்ளும் போகிறது. பழங்கால உலையில் எடுத்த இரும்பில் கசடு இழை இழையாக நீண்டு கிடக்கும். 1856இல் வந்த பெஸிமர் முறைக்குப் பிந்தைய உருக்கு எஃகில் அந்த இழைகள் இருக்காது. முறுக்கி இணைத்த கம்பிகளால் செய்த அலகு, எக்ஸ்கதிர்ப் படத்தில் துருவையும் மீறித் தன் வரிகளைக் காட்டிவிடும். நியூட்ரான் கதிர், வாளை வெட்டாமலே உள்ளமைப்பைச் சொல்கிறது.

ஆனாலும் கருவி போலியைக் காட்டிக்கொடுக்கும் அளவுக்கு அசலை உறுதி செய்வதில்லை. பழைய வண்டிப் பட்டையையோ நங்கூரத்தையோ உருக்காமல் அடித்துப் புது வாள் செய்தால் அதிலும் கசடு இழை இருக்கும். அதனால் வடிவம், எடை, தேய்மானம், உலோகம், கைமாறி வந்ததற்கான ஆவணம் ஆகிய ஐந்தும் ஒத்துப்போக வேண்டும்.

தீர்ப்பும் மாறிவிட்டது. முன்பு ‘அசல்’ அல்லது ‘போலி’ என்று ஒரே சொல்லில் முடிந்தது. வாளோ தன் ஆயுளிலேயே உடைந்து, பிடி மாறி, கூர் தீட்டப்பட்டு வந்த பொருள். தஞ்சை அரண்மனை ஆயுதச்சாலையிலிருந்து சென்னை அருங்காட்சியகத்துக்கு வந்த வாள்களில், ஐரோப்பிய அலகுக்கு நம்மூர்ப் பிடி பொருத்தியவை உண்டு. அவற்றைப் போலி என்று எவர் சொல்வார்? அலகு எந்தக் காலம், பிடி எந்தக் காலம், இரண்டும் எப்போது சேர்ந்தன, சேர்த்தவர் பயன்படுத்தவா ஏமாற்றவா என்று தனித்தனியே கேட்டால்தான் அந்த வாளுக்கு நியாயம் செய்ததாகும்.