டெராஃபார்ம்: பட்டாவில் இருப்பதும் தரையில் இருப்பதும்

மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இருக்கிறது, லேக் கிடையாது. 1920களில் ஏரியை வற்ற வைத்துத்தான் பக்கத்தில் தி.நகரை உருவாக்கினார்கள். பெயர்ப்பலகை மட்டும் பழைய தகவலையே சொல்லிக்கொண்டிருக்கிறது. டெராஃபார்மின் ஸ்டேட் ஃபைலை யாராவது விளக்கச் சொன்னால் நான் இந்தத் தெருவைத்தான் காட்டுவேன்.

தெரியாதவர்களுக்காக: டெராஃபார்ம், ஹாஷிகார்ப் 2014-ல் வெளியிட்ட கருவி. சர்வர், நெட்வொர்க், டேட்டாபேஸ் இதையெல்லாம் போர்ட்டலில் க்ளிக் செய்து உருவாக்காமல், கோடாக எழுதி ஓடவிடலாம். உருவாக்கியதை ஒரு ஜேசன் கோப்பில் குறித்துக்கொள்ளும். அதுதான் ஸ்டேட். கோடு என்பது வீட்டு பிளான், ஸ்டேட் என்பது பட்டா, அஷ்யூரில் ஓடுவது தரையில் நிற்கும் வீடு. மூன்றும் ஒத்துப்போகும் என்று யாரும் உத்தரவாதம் தரவில்லை.

சென்னையிலேயே அஷ்யூரின் சவுத் இந்தியா ரீஜன் 2015-லிருந்து இருக்கிறது. அங்கே உங்கள் கம்பெனிக்கு எத்தனை சர்வர் ஓடுது என்று ஆடிட்டர் கேட்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். 'டெராஃபார்ம் ஸ்டேட் லிஸ்ட்' அடித்து, வரிகளை எண்ணிச் சொல்லிவிடலாமா? கூடாது. 'டேட்டா' என்று தொடங்கும் வரிகள் நாம் உருவாக்கியவை அல்ல, சும்மா படித்துப் பார்த்தவை. அதனால் கணக்கு கூடும். இன்னொரு பக்கம், யாரோ போர்ட்டலில் கையால் உருவாக்கிய மெஷின் இந்தப் பட்டியலில் வரவே வராது. பிளான் போட்டாலும் வராது. பில்லில் மட்டும் கரெக்டாக வரும்! போதாததற்கு, ஒவ்வொரு ஒர்க்ஸ்பேஸுக்கும் தனி ஸ்டேட்.

ஒரே ஒரு பொருளைப் பார்க்க 'ஸ்டேட் ஷோ', பக்கத்தில் லிஸ்டில் வந்த முகவரி. முகவரியில் சதுர அடைப்புக்குறி இருந்தால் முழுசையும் ஒற்றை மேற்கோளுக்குள் போடுங்கள், இல்லாவிட்டால் ஷெல் குழப்பிவிடும். இது காட்டுவதும் கடைசியாக எழுதிவைத்ததைத்தான். நேற்று ராத்திரி ஒருவர் போர்ட்டலில் மெஷின் சைஸை மாற்றியிருந்தால் ஷோவில் பழைய சைஸே தெரியும். சர்வேயரைக் கூட்டிக்கொண்டு தரைக்குப் போகணும் என்றால் 'டெராஃபார்ம் பிளான்', கூடவே 'ரெஃப்ரெஷ் ஒன்லி' ஆப்ஷன். எது மாறியிருக்கிறது என்று சொல்லும், எதையும் மாற்றாது.

'ஸ்டேட் ஆர்எம்' பட்டாவில் பெயரை அடிப்பது மட்டும்தான். வீடு அப்படியே நிற்கும், பில்லும் ஓடும்.

எனக்கு உண்மையிலேயே பயம் தருவது வேறு. ஷோ, பாஸ்வேர்டு இருக்கும் இடத்தில் 'சென்சிட்டிவ் வேல்யூ' என்று மறைத்துவிடும். அதைப் பார்த்து கோப்பிலும் மறைந்திருக்கு என்று நினைத்துவிடுகிறார்கள். 'ஸ்டேட் புல்' அடித்துப் பாருங்கள், அதே பாஸ்வேர்டு பெரும்பாலும் பச்சையாக இருக்கும். யாராவது உதவி செய்கிறேன், ஸ்டேட் ஃபைலை அனுப்புங்க என்று கேட்டால் லிஸ்டை மட்டும் அனுப்புங்கள். அதில் முகவரிகள்தான் இருக்கும்.