கருங்கல்லை இயந்திரம் குடைவது எப்படி?

விருதுநகர் மாவட்டத்து மூவரைவென்றான் குடைவரையில் பாண்டியர் காலச் சிற்பிகளின் உளி பாறையைச் சில்லுசில்லாகப் பெயர்த்தது. கணினி வழிநடத்தும் சி.என்.சி. இயந்திரமோ கருங்கல்லைத் தேய்த்தே குடைகிறது. கருங்கல்லிலுள்ள குவார்ட்ஸ் என்னும் கனிமம், கீறலைத் தாங்கும் வலிமையைக் குறிக்கும் மோஸ் அளவில் 7 என்பதால், எஃகு முனை விரைவில் மழுங்கிவிட, அவ்வளவில் 10 என்னும் உச்சத்திலுள்ள வைரத்தின் துகள்கள் பதித்த முனையே நிமிடத்திற்குப் பல ஆயிரம் முறை சுழன்று கல்லை மாவாக நொறுக்கி எடுக்கிறது. முனைமீது இடைவிடாது பாயும் நீர், மிகுவெப்பத்தில் சிதையும் வைரத்தைக் குளிர்விப்பதோடு, நுரையீரலைக் கெடுக்கும் சிலிக்கா தூசியையும் சாம்பல்நிறக் குழம்பாக்கி வடித்துவிடுகிறது. சுழலும் முனை தன் ஆரத்தைவிடக் கூரிய உள்மூலையை வெட்ட இயலாது என்பதால், சிலையின் கடைக்கண்ணைத் திருத்த, எத்தனை விலையுயர்ந்த இயந்திரம் இருந்தாலும், உளியைத்தான் எடுக்க வேண்டியிருக்கிறது.