தொலைவில் வாழும் துணைக்குச் செவிகொடுப்போம்

குவைத்தின் தென்கரையில் அமைந்த ஃபஹாஹீலுக்கு அண்மையில் உள்ளது மங்காஃப். அங்கே தொழிலாளர் குடியிருப்பொன்றில் 2024 யூன் 12 அன்று மூண்ட தீ, குறைந்தது 45 இந்தியர் உட்பட ஏறத்தாழ 50 பேரைப் பலிகொண்டது. அவர்களுள் எழுவர் தமிழ்நாட்டினர். இத்தகைய செய்தி எட்டும்போதெல்லாம் வளைகுடாவில் உறவுகளைக் கொண்ட இல்லங்கள் அனைத்தும் பதறுகின்றன. ஆயினும், தொலைபேசியில் கிடைக்கும் விடை பெரும்பாலும் ஒன்றே: "நான் சுகம், யோசிக்காதேயுங்கோ."

மனைவி கலங்குவாள் என்று கணவன் தன் உறக்கமின்மையை மறைக்கிறான். கணவன் வருந்துவான் என்று மனைவி கடன்காரரின் நெருக்குதலை மறைக்கிறாள். அன்பினால் தொடங்கும் இம்மறைப்பு, நாளடைவில் இருவரையும் அந்நியராக்கிவிடுகின்றது. வீட்டுப் பணிப்பெண்களாகச் சென்ற எமது சகோதரிகள் பலரது நிலையும் இதுவே.

மனச்சோர்வை விசுவாசக் குறைவு எனக் கருதும் கிறிஸ்தவக் குடும்பங்கள் இன்றும் உள. வேதாகமம் காட்டும் வழியோ வேறு. அரசி யேசபேலுக்கு அஞ்சி வனாந்தரத்துக்கு ஓடிய எலியா தீர்க்கதரிசி, தமக்குச் சாவு வரவேண்டுமென்று மன்றாடினார். இறைவன் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. முதலில் உறக்கமும், அப்பமும், நீரும் கிடைத்தன. பின்னர், ஓரேப் மலையில் இறைவன் அவரிடம் ஒரே கேள்வியை இருமுறை கேட்டார். எலியாவும் ஒரே முறைப்பாட்டை இருமுறை கூறினார். இரண்டும் பொறுமையுடன் கேட்கப்பட்டன. அதன் பின்னரே அடுத்த பணியும், துணையாக எலிசாவும் அளிக்கப்பட்டனர்.

இவ்வொழுங்கு எமது இல்லங்களுக்கும் பொருந்தும். அறிவுரைக்கு முன் ஓய்வையும் உணவையும் பற்றி விசாரிப்போம். ஒரே துயரத்தை மீண்டும் சொன்னாலும் சலிப்பின்றிக் கேட்போம். பணத்தைப் பற்றிய பேச்சு இல்லாத ஓர் அழைப்பை வாரந்தோறும் ஒதுக்குவோம். ஃபஹாஹீலை அடுத்த அகமதியில், அரேபியாவின் அன்னை ஆலயம் 1956 ஆம் ஆண்டிலிருந்து நிற்கின்றது. அத்தகைய ஆலயங்களில் கூடுவோர், வழிபாடு முடிந்ததும் தனித்து நிற்பவரை அணுகி உரையாடுதலும் இறைபணியே.

உறக்கமின்மையும் நம்பிக்கையிழப்பும் இரு வாரங்களுக்கு மேல் நீடித்தால் மருத்துவரை நாடவேண்டும். சாவைப் பற்றிய பேச்சு எழுந்தால் ஒரு நாளும் தாமதிக்கலாகாது. இலங்கையில் 1974 இல் தொடங்கிய சுமித்ரயோவும், சென்னையில் 1986 இல் தொடங்கிய சினேகாவும் இத்தகையோருக்குச் செவிகொடுக்கவே தோன்றியவை. செபமும் சிகிச்சையும் ஒன்றுக்கொன்று பகையல்ல. எலியாவுக்கு அப்பம் தந்தவரும், அவரது முறைப்பாட்டைக் கேட்டவரும் ஒருவரே என்பதை நாம் மறந்துவிடலாகாது.