கிர்பி: ஒரு பெயர் நடந்து வந்த வழி

நெகிரி செம்பிலான் மாநிலத்துத் தமிழ்ப்பள்ளிகளின் பெயர்வரிசையில் கிர்பி, அதர்ட்டன், பிராட்வால், கெடிஸ் என்னும் பெயர்கள் காணப்படுகின்றன. இவை மலாய்ச் சொற்கள் அல்ல, தமிழும் அல்ல. பிரித்தானியத் தீவில் ஊருக்கும் குடும்பத்துக்கும் உரியனவாக வழங்கிய பெயர்கள், இங்கே இரப்பர்த் தோட்டங்களைக் குறிக்க வந்தன. தோட்டத்தின் பெயரே பள்ளியின் பெயரும் ஆயிற்று. சீருடையிலும் சான்றிதழிலும் இப்பெயரைத் தாங்கிச் செல்லும் மாணவர், "இதற்குப் பொருள் என்ன, ஐயா?" என்று கேட்பாராயின், ஆசிரியர் கூறத்தக்க விடை ஆயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்டது. லாபு வட்டாரத்துக் கிர்பியை மட்டும் இங்கு விரித்துக் காண்போம்.

கி.பி. 865இல் டேனியர் பெரும்படையொன்று இங்கிலாந்தில் இறங்கியது. கொள்ளையிட வந்தோர் பின்னர் நிலத்தைப் பங்கிட்டுக் குடியமர்ந்தனர். வடக்கிலும் கிழக்கிலும் உழுதுண்டு வாழத் தலைப்பட்டனர். அவர்தம் பழைய நோர்சு மொழியில் 'பி' என்பது பண்ணையையோ சிற்றூரையோ குறிக்கும். கிரிம்சுபி, விட்பி, டெர்பி முதலான ஊர்களின் ஈற்றில் நிற்பது இச்சொல்லே. 'கிர்க்யா' என்பது தேவாலயம். 'ஆண்டவர்க்கு உரியது' என்னும் பொருள்பட்ட கிரேக்கச் சொல்லொன்றே ஐரோப்பாவின் வடகோடி வரை சென்று இவ்வாறு திரிந்தது என்பர் மொழிநூலார். இரண்டும் சேர்ந்து 'கிர்க்பி' ஆயிற்று. நாளடைவில் நடுவிலுள்ள ககர ஒற்று பேச்சில் தேய, 'கிர்பி' என நின்றது.

இதனைத் தமிழில் சொல்வதாயின் கோவிலூர் எனலாம். கோவில்பட்டி என்றாலும் பிழையில்லை.

இங்கு ஒன்று கருதத்தக்கது. உள்ளூரார் தம் ஊரைத் 'தேவாலய ஊர்' என்று அழைக்க வேண்டிய தேவை குறைவு. வெளியிலிருந்து வந்த டேனியர், ஏற்கெனவே தேவாலயம் நின்ற ஆங்கிலேயச் சிற்றூரைக் கண்டு இட்ட பெயராகவே இது பெரும்பாலும் கொள்ளப்படுகிறது. ஆகவே தொடக்கத்திலேயே இது வந்தேறிகள் இட்ட பெயர். அத்தகைய ஊர்கள் பலவாதலின், கிர்க்பியும் கிர்பியும் வட இங்கிலாந்தெங்கும் பரந்து கிடக்கின்றன. கிர்க்பி லான்சுடேல், கிர்க்பி சுடீவன், கிர்பி மக்சுலோ என அடைமொழி கொடுத்து அவற்றைப் பிரித்தறிய வேண்டியிருந்தது.

ஊர்ப்பெயர் குடும்பப்பெயராக மாறிய முறை மாணவர் நன்கு உணரவேண்டிய பகுதியாகும். கிர்பியில் வாழும் ஒருவரைக் கிர்பிக்காரர் என்று அழைப்பதால் பயனில்லை. அங்குள்ளோர் அனைவரும் கிர்பிக்காரரே. அவர் ஊரைவிட்டு நீங்கி வேற்றூரில் குடியேறும்போதுதான் அப்பெயர் அவரை அடையாளம் காட்டும். ஊர் நீங்கியவர்க்கே ஊர்ப்பெயர். 13, 14ஆம் நூற்றாண்டுகளில் வரிப்பதிவும் நிலப்பதிவும் பெருகப் பெருக, தந்தைக்கு அமைந்த இவ்வடையாளம் மகனுக்கும் பெயரனுக்கும் தொடர்ந்து குடும்பப்பெயராக உறைந்தது. முதலாம் எட்வர்டு மன்னரின் கருவூலத் தலைவராகி, பின்னர் ஈலியின் ஆயராகவும் விளங்கிய ஜான் கிர்க்பி 1280களில் நடத்திய நில விசாரணை, 'கிர்க்பியின் விசாரணை' என்றே இன்றும் வரலாற்றாசிரியர்களால் குறிக்கப்படுகிறது. பெயர்கள் உறையக் காரணமான பதிவேடுகளுள் ஒன்று, அத்தகைய பெயருடையவராலேயே தொகுக்கப்பட்டது நயமானதொரு பொருத்தம்.

ஊர் பலவாதலின் கிர்பிக் குடும்பங்களும் பல. அனைவரும் ஒரு மூதாதையின் வழியினர் அல்லர். இங்கிலாந்தின் பூச்சியியல் முன்னோடி வில்லியம் கிர்பியும் (1759–1850), அமெரிக்கப் படக்கதை ஓவியர் ஜாக் கிர்பியும் ஒரே பெயரினர். ஆனால் பின்னவர் 1917இல் நியூயார்க்கில் யூதக் குடும்பமொன்றில் ஜேக்கப் குர்ட்சுபர்க் எனப் பிறந்தவர். கிர்பி என்பது அவர் தாமே சூடிக்கொண்ட பெயர். பெயரை மட்டும் கொண்டு குருதி வழியைத் துணிதல் ஆகாது.

மலாயாவிற்கு இத்தகைய பெயர்கள் தோட்டத்துரைமாரோடும் குழுமங்களோடும் வந்தன. 1910இல் மலாக்காவில் தொடங்கிய சைம் டார்பி, வில்லியம் சைம், ஹென்றி டார்பி என்னும் இருவர் பெயரால் அமைந்தது. டார்பி என்பது டெர்பியின் திரிபாக வழங்கும் பெயர். அங்கும் அதே 'பி' மறைந்து நிற்கிறது. டன்லப், ஸ்காட்லாந்தின் ஏர்சயர் பகுதியில் ஓர் ஊர். கெடிஸ், நேர்ன் நகருக்கு அருகில் ஓரிடம்; டன்லப் இரப்பர்க் குழுமத்துக்கு 1920களிலும் 1930களிலும் தலைமை தாங்கிய எரிக் கெடிஸ் நம் ஆக்ராவில் பிறந்தவர். சைம் டார்பியின் தோட்டப்பிரிவு 2024இல் எஸ்.டி. கத்ரி எனப் பெயர் மாறியது. கத்ரியும் ஸ்காட்லாந்தில் ஓர் ஊரே.

தமிழர்க்கு இம்முறை புதியதன்று. மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார் என்னும் பெயரை நோக்குக. முதலில் ஊர், அடுத்துத் தந்தை, பின்னர் இயற்பெயர். கோவூர் கிழாரும் உறையூர் ஏணிச்சேரி முடமோசியாரும் ஊரால் அறியப்பட்டோரே. அண்மைக் காலத்தில் உ.வே.சா. என்பதன் உகரம் உத்தமதானபுரம், திரு.வி.க. என்பதன் 'திரு' திருவாரூர். ஆங்கிலேயரிடமிருந்து நாம் வேறுபடுவது ஓரிடத்தில்தான்: நம் ஊரும் தந்தை பெயரும் தலைமுறைதோறும் மாறக்கூடியவை, பரம்பரையாக உறைவதில்லை.

இப்பெயரமைப்பு மலாயாப் பதிவேட்டில் பாதியே பதிந்தது. இயற்பெயரும் தந்தை பெயரும் எழுதப்பட்டன; இன்றைய அடையாள அட்டையின் 'அனாக் லெலாக்கி' நக்கீரனாரின் 'மகனார்' அன்றி வேறன்று. மதுரைக்கு உரிய இடம் மட்டும் விடுபட்டது. கங்காணி தம் ஊராரையே திரட்டி வந்தமையால், தொடக்கத்தில் அவ்விழப்பு எவர்க்கும் தோன்றவில்லை. லயத்தில் அண்டை வீட்டாரும் அதே ஊரினர், ஊரின் பெயர் நாள்தோறும் நாவில் இருந்தது. 1938இல் இந்திய அரசு உதவிபெற்ற தொழிலாளர் குடிபெயர்வைத் தடுத்தபின் புதியோர் வரவு நின்றது. பின்னர்ப் போரும் வந்தது. ஊர்த்தொடர்பு அறுந்த குடும்பங்களில், அட்டையில் எழுதப்படாத அவ்வூர்ப்பெயர், அதனை அறிந்த முதியவரோடு மறைந்தது. இது சிறிய இழப்பன்று. ஆங்கிலேயர் ஒருவர் தம் பெயரைக் கொண்டே எழுநூறு ஆண்டுக்கு முந்திய ஊரைத் தேடத் தொடங்கலாம்; நம் மாணவர் பலர்க்கு நூறாண்டுக்கு முந்திய ஊர் தெரியாது.

விடுபட்ட இடத்தில் தோட்டம் வந்து அமர்ந்தது. சிரம்பானிலோ கோலாலம்பூரிலோ தமிழர் இருவர் சந்தித்தால், "நீங்க எந்தத் தோட்டம்?" என்பதே முதல் வினா. கிர்பியில் வாழ்ந்தவரை அங்கு எவரும் கிர்பிக்காரர் என்றதில்லை. நகரத்துக்குப் பெயர்ந்தபின் அவர் 'கிர்பித் தோட்டத்துக்காரர்' ஆனார். டேனியர் கண்ட தேவாலயத்தால் எழுந்த ஊர்ப்பெயர், ஊர் நீங்கிய ஆங்கிலேயரைச் சார்ந்து, மாரியம்மன் கோவிலைச் சூழ்ந்து வாழ்ந்த நம்மவர்க்கும் உரிய ஊர்ப்பெயராயிற்று. கோவிலூர் என்னும் பொருள் தெரியாமலே அப்பெயரோடு அவர்கள் வாழ்ந்தனர்.

வகுப்பறையில் இதனை ஒரு பயிற்சியாக்கலாம். மாணவர் தம் வீட்டு முதியோரிடம் கேட்டெழுதத்தக்கவை நான்கு: தமிழகத்தில் முன்னோர் விட்டு வந்த ஊர்; கப்பல் ஏறிய துறை சென்னையா, நாகப்பட்டினமா; மலாயாவில் முதலில் வேலைக்குச் சேர்ந்த தோட்டம்; அதற்குத் தொழிலாளர் தமக்குள் வழங்கிய தமிழ்ப்பெயர். முதல் வினாவுக்கு விடையறிந்தோர் இன்று எண்பது வயதைக் கடந்தவர்களாக இருப்பர். ஆதலின் அதனையே முதலிற் கேட்டல் வேண்டும்.