ஜாதிக்காய்ச் சாற்றுக்குப் பின்னால் ஒரு தோப்பு

மண்ணும் சுவையும் – பகுதி 11

விமானத்தில் பினாங்குக்கு வருகிறவர்கள் முதலில் கால் பதிப்பது பாயான் லெப்பாஸ் மண்ணில்தான். 1935-இல் திறக்கப்பட்ட விமான நிலையம் இங்கே இருக்கிறது. இறங்கியவர்களில் பெரும்பாலோர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நேரே வடக்கே, ஜார்ஜ்டவுனுக்குப் போய்விடுகிறார்கள். 2008-இல் உலகப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட நகரம். நாசி கண்டார், அசாம் லக்சா, செண்டோல், ஒரு குவளை ஜாதிக்காய்ச் சாறு என்று நான்கு நாள் சாப்பிட்டுவிட்டு அதே வழியில் திரும்புகிறார்கள். அந்தச் சாப்பாட்டின் வேர் இருப்பது எதிர்த்திசையில். விமான நிலையத்தைத் தாண்டித் தெற்கே போனால் மீனவர் ஊரான தெலுக் கும்பார். அங்கிருந்து மலைவளைவுகளில் ஏறி இறங்கினால் பாலிக் புலாவ். 401இ பேருந்து ஜார்ஜ்டவுன் படகுத்துறையிலிருந்து கிளம்பி, விமான நிலையத்தைத் தொட்டுக்கொண்டு அதுவரை போகிறது. அந்தப் பேருந்தில் தோள்பையோடு ஏறும் வெளியூர்க்காரர் இன்னும் குறைவுதான்.

சென்ற வாரம் ஷாம்பெயின் வட்டாரத்தைப் பார்த்தோம். வெளியூர்த் திராட்சையைக் கொண்டுவந்து தங்கள் ஊர்ப் பெயரில் விற்ற வணிகர்களுக்கு எதிராக 1911-இல் அங்கே உழவர்கள் கிளர்ந்தெழுந்தார்கள். கிடங்குகளுக்குள் புகுந்து புட்டிகளை உடைத்தார்கள். அந்தக் கோபமும் அதைப் போன்ற வேறு பூசல்களும் சேர்ந்துதான் 1935-இல் பிரான்ஸ் முழுமைக்கும் ஒரு சட்டமாயின. ஒரு ஒயினின் பெயர் எந்த நிலத்துக்கு உரியது, அந்த நிலத்தில் என்ன கொடி வளரலாம், எப்படிப் பிழியலாம் என்பதெல்லாம் எழுதி வைக்கப்பட்டன. இன்று அந்தக் குன்றுகளைப் பார்க்கப் போகிறவர்கள் புட்டியை மட்டும் வாங்கவில்லை, கொடி நிற்கும் சரிவையும் பார்க்கிறார்கள். சரிவு இருந்தால்தான் வியாபாரம் என்பது அந்த ஊர் உழவருக்கும் தெரியும், வணிகருக்கும் தெரியும், அரசுக்கும் தெரியும். பினாங்கின் தென்மேற்கு மூலையில் அந்த அறிவு யாருக்கு எவ்வளவு இருக்கிறது என்பதே இந்த வாரக் கேள்வி.

ஒயின் என்று பேச்செடுத்தால் தமிழர்க்குக் கள் நினைவுக்கு வராமல் இருக்காது. பாளையைச் சீவிக் கலயம் கட்டினால், சுண்ணாம்பு தடவாத கலயத்தில் சில மணி நேரத்தில் கள். தடவியதில் பதநீர். அதைக் காய்ச்சினால் கருப்பட்டி. கள்ளை மேலும் புளிக்கவிட்டால் காடி. ஒரே மரத்தின் சாறு கைப்பக்குவத்தால் இத்தனை பொருளாகிறது. திராட்சைக்காரர்களின் கலைக்கு எந்த வகையிலும் குறையாத கலை இது.

ஆனால் பிரெஞ்சுக் கிராமத்தார் தம் ஒயினை நெஞ்சு நிமிர்த்திக் காட்டுவதுபோல மலாயாத் தமிழர் கள்ளைக் காட்ட முடியவில்லை. காரணம் மரமோ மரமேறியோ அல்ல. பால்மரத் தோட்டங்களில் லயத்துக்குப் பக்கத்திலேயே கள்ளுக்கடை இருந்தது. வாங்கிய கூலியில் ஒரு பங்கு அந்தி சாய்வதற்குள் அங்கே போய்ச் சேர்ந்தது. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது முன்வைத்த கோரிக்கைகளில் கள்ளுக்கடையை மூடு என்பதும் ஒன்று. படை வந்தது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் மாண்டார்கள். போருக்குப் பிறகு பினாங்குக்கு அண்டையிலுள்ள கெடாவில் ஏ. எம். சாமி தலைமையில் தொண்டர் படை எழுந்தது. அவர்களும் 1947-இல் கள்ளுக்கடைகளின் முன் மறியல் செய்தார்கள். போலீஸாரோடு மோதல் வந்தது. இந்த வரலாறு தெரிந்திருப்பதால், ‘கள்ளையும் ஒரு சுற்றுலாப் பண்டமாக்கலாமே’ என்று சொல்கிறவர்களுக்கு என்னால் உடனே தலையாட்ட முடிவதில்லை. மரமேறும் திறமை காக்கப்பட வேண்டும், பதநீரும் காடியும் கருப்பட்டியும் மதிப்போடு விற்கப்பட வேண்டும். கலயத்தை ஏந்திச் சிரிக்கும் விளம்பரப் படத்துக்கு முன்னால், அந்தக் கடையில் கரைந்த குடும்பங்களையும் நினைக்க வேண்டும்.

சதுப்புக் கரைகளில் வளரும் நீப்பாப் பனையிலிருந்து மலாய்க்காரர்கள் இறக்கும் நீராவுக்கு இந்தச் சுமை இல்லை. புளிக்குமுன் குளிரவைத்துப் பினாங்கின் சாலையோரங்களில் விற்கிறார்கள். இனிப்பும் மெல்லிய உப்பும் கலந்த அதன் ருசியை ஒருமுறை நாவில் பிடித்தவர் மறக்க மாட்டார்.

இனி ஜாதிக்காய். பினாங்கின் மண்ணுக்கு இதைவிடப் பொருத்தமான அடையாளம் வேறில்லை என்பது என் எண்ணம். பண்டா தீவுகளில் ஜாதிக்காயை டச்சுக்காரர்கள் பூட்டி வைத்திருந்த காலம் ஒன்று இருந்தது. 1796-இல் பண்டா உள்ளிட்ட மொலுக்காஸ் தீவுகள் ஆங்கிலேயர் கைக்கு வந்ததும், கிழக்கிந்தியக் கம்பெனியின் தாவரவியலாளர் கிறிஸ்டோபர் ஸ்மித் அங்கிருந்து ஆயிரக்கணக்கான ஜாதிக்காய், கிராம்புக் கன்றுகளைக் கப்பலேற்றிப் பினாங்குக்கு அனுப்பினார். 1786-இல் பிரான்சிஸ் லைட் வந்திறங்கிய தீவு, சில பத்தாண்டுகளில் வாசனைப் பயிர்த் தீவாகிவிட்டது. 1860-ஐ ஒட்டி மரங்களை நோய் தாக்கியது. பினாங்கிலும் சிங்கப்பூரிலும் பெரிய தோட்டங்கள் அழிந்தன, முதலாளிகள் வேறு பயிருக்குப் போனார்கள். சிறு விவசாயிகள் மட்டும் மலைச்சரிவுகளில் மரத்தை விடாமல் வைத்திருந்தார்கள். இன்று பாலிக் புலாவில் நிற்கும் தோப்புகள் அந்தப் பிடிவாதத்தின் மிச்சம்.

ஜாதி மரம் அவசரக்காரருக்கு உகந்ததல்ல. விதை போட்டு வளர்த்தால், ஆண் மரமா பெண் மரமா என்பதே பூக்கும் வரை தெரியாது. அதற்கு ஆறேழு ஆண்டுகள் ஆகும். காய்ப்பது பெண் மரம். மகரந்தத்துக்காகப் பத்துக்கு ஒன்று என்ற அளவில் ஆண் மரத்தை விட்டு மற்றதை வெட்டுவார்கள். ஒட்டுக்கட்டும் முறை வந்த பிறகு இந்தக் காத்திருப்பு கொஞ்சம் குறைந்தது. நன்றாகக் காய்க்கத் தொடங்கப் பதினைந்து ஆண்டுகளாவது வேண்டும், பிறகு இரண்டு மூன்று தலைமுறைக்குப் பலன் தரும். நட்டவர் பேரனுக்காக நடுகிறார்.

நம் வீடுகளில் ஜாதிக்காய் என்றால் கொட்டை, ஜாதிபத்திரி என்றால் அதன் மேல் படர்ந்த செவ்வலை. குழந்தைக்கு உரைத்துக் கொடுக்கவும், பிரியாணிக்கு மணம் சேர்க்கவும் அவை போதும். மேலே இருக்கும் தடித்த சதையைத் தோட்டத்திலேயே எறிந்துவிடுவது பல ஊர்களில் வழக்கம். பினாங்குக்காரர்கள் அந்தச் சதையைத்தான் கொண்டாடுகிறார்கள். சீவி உப்பிலும் சர்க்கரையிலும் ஊறவைக்கிறார்கள், வெயிலில் உலர்த்துகிறார்கள், பிழிந்து சாறாக்குகிறார்கள். பச்சையாகப் பிழிந்தால் வெளுத்த சாறு, சர்க்கரையோடு காய்ச்சினால் பழுப்புச் சாறு. எனக்குப் பிடித்தது வெளுத்ததுதான். முதல் மிடறில் துவர்ப்பு, அப்புறம் மூக்கு வரை ஏறும் மணம். கொட்டையிலிருந்து தைலம் இறக்கி வாயுப்பிடிப்புக்கும் மூட்டுவலிக்கும் தேய்க்கிறார்கள். ஒரு காயில் எதுவும் வீணாவதில்லை. மூன்றாம் தலைமுறையாகச் சீனக் குடும்பங்கள் நடத்தும் சிறு ஆலைகளில் இந்த வேலை இன்னும் பெரும்பாலும் கையால்தான் நடக்கிறது.

அதே சரிவில் டுரியானும் நிற்கிறது. 1990-இல் பதிவான உடாங் மேரா, ஹோக்கியன்காரர்கள் ஆங் ஹே என்று அழைக்கும் செந்நிறப் பழம், பினாங்குக்குச் சொந்தமானது. ஜூன், ஜூலையில் பழம் உதிரும். பறிப்பதில்லை, விழும் வரை காத்திருப்பார்கள். விழுந்த சில மணி நேரத்தில் தின்றால்தான் அந்தக் கசப்பும் இனிப்பும் முழுமையாகக் கிடைக்கும் என்பதால், ருசி தெரிந்தவர்கள் தோப்புக்கே வந்துவிடுகிறார்கள். பயணியை ஊருக்கு இழுத்து வர இதைவிட நல்ல காரணம் வேண்டாம். தோப்பிலேயே தங்கவைத்துப் பழம் கொடுக்கும் குடும்பங்களும் பாலிக் புலாவ் பக்கம் இருக்கின்றன. பழத்தைச் சந்தைக்கு அனுப்புவதைவிட மரத்தடியிலேயே விற்பது அவர்களுக்கு லாபம். அந்த லாபம் மரத்தை வெட்டாமல் வைத்திருக்கவும் ஒரு காரணம்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். டுரியான் பூ அந்தியில் விரிகிறது. அதில் மகரந்தம் சேர்ப்பது முக்கியமாக வௌவால். டுரியான் பூப்பது ஆண்டில் சில வாரங்களே, வௌவாலுக்கோ ஆண்டு முழுவதும் பசிக்கும். மற்ற மாதங்களில் அது தேடிப் போகும் இடங்களில் ஒன்று கடலோரச் சதுப்புக்காடு. மலாய்க்காரர் பெரெம்பாங் என்று அழைக்கும் மரத்தின் பூவில் அதற்குத் தேன் கிடைக்கிறது. கரையில் அந்த மரத்தை அழித்தால் மலையில் டுரியான் காய்ப்பதும் குறையக்கூடும். மலையையும் கரையையும் தனித்தனி மனையாகக் கூறு போட்டுப் பார்க்கும் கண்ணுக்கு இந்த உறவு தெரியாது.

கரைக்கு வருவோம். பாலிக் புலாவுக்கு வருகிறவர்கள் தவறாமல் சாப்பிடுவது லக்சா. புளித்த குழம்பில் மசித்த கானாங்கெளுத்தி மீன், அசாம் கெலுகோர், இஞ்சிப்பூ, கெசும் இலை, மேலே ஒரு கரண்டி கருத்த இறால் பாகு. அரைத்த மசாலாவுக்குள் பெலாச்சான். நம் ஊரில் கூனி என்கிறோமே, அந்தப் பொடி இறாலை உப்பிட்டு, வெயிலில் காயவைத்து, இடித்து, புளிக்கவிட்டு, மறுபடி காயவைத்து எடுப்பதுதான் பெலாச்சான். கூனி கிடைப்பது ஆழமில்லாத சேற்றுக்கடலில். கரையோரச் சேறு ஆரோக்கியமாக இருந்தால் கூனி, கூனி இருந்தால் அதைத் தின்னும் மீன்.

பாயான் லெப்பாஸின் தெற்குக் கரையில், பெர்மாத்தாங் டாமார் லாவுட், சுங்கை பத்து, தெலுக் கும்பார், கெர்த்தாக் சங்குல் என வரிசையாக மீனவர் ஊர்கள். அவற்றுக்கு எதிரே மூன்று செயற்கைத் தீவுகள் எழுப்பி 4,500 ஏக்கர் நிலம் உண்டாக்க மாநில அரசு திட்டமிட்டது. மீனவர்கள் எதிர்த்து வழக்காடினார்கள். 2021-இல் மேல்முறையீட்டு வாரியம் சுற்றுச்சூழல் ஒப்புதலை ரத்து செய்தது. 2023-இல் மீண்டும் ஒப்புதல் கிடைத்தது. மூன்று தீவு ஒன்றாகச் சுருங்கியது, சிலிகான் தீவு என்று பெயர் பெற்றது. அதே ஆண்டு செப்டம்பரில் வேலையும் தொடங்கியது.

தொழிற்சாலைகளை நான் பழிக்க வரவில்லை. 1969-இல் சுங்கவரியற்ற துறைமுகம் என்ற தகுதி போனபோது பினாங்கில் வேலையில்லாமல் திண்டாடிய குடும்பங்கள் ஏராளம். முதலமைச்சர் லிம் சோங் இயூ காலத்தில், 1972-இல் பாயான் லெப்பாஸ் வயல்வெளியில் தொழிற்பேட்டை திறந்தது. இன்டெல் தன் முதல் வெளிநாட்டுத் தொழிற்சாலையை இங்கேதான் தொடங்கியது. தோட்டம் துண்டாடப்பட்டு வெளியேறிய தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகளும் இங்கே சீருடை போட்டுச் சம்பளம் வாங்கினார்கள். பாயான் லெப்பாஸிலும் சுங்கை ஆராவிலும் தமிழ்ப் பள்ளிகள் இன்றும் நடக்கின்றன என்றால், இந்த ஊரில் தமிழர் தங்கி வாழ வழியிருந்ததும் ஒரு காரணம். ஆனால் ஒருமுறை வயலைக் கொடுத்து வேலை வாங்கிய ஊர், இப்போது கடலையும் கொடுக்க வேண்டுமா என்று கேட்பதில் நியாயம் இருக்கிறது. வயலுக்கு விலை சொல்ல முடிந்தது. கூனி விளையும் சேற்றுக்கு யார் விலை சொன்னார்கள்?

மலைக்கு ஓரளவு காவல் உண்டு. கடல்மட்டத்துக்கு மேல் 76 மீட்டருக்கு உயர்ந்த நிலத்திலும் 25 பாகைக்கு மேல் சரிந்த நிலத்திலும் கட்டடம் எழுப்பப் பினாங்கில் கட்டுப்பாடு இருக்கிறது, விதிவிலக்குகளும் உண்டு. 2021-இல் பினாங்குக் கொடிமலையைச் சுற்றிய 12,481 ஹெக்டேர் யுனெஸ்கோவின் உயிர்க்கோளக் காப்பகமானது. தாழ்ந்த நிலத்துக்கும் கரைக்கும் அப்படி வலுவான அரண் இல்லை. பாலிக் புலாவின் நெல்வயல்களுக்குப் பக்கத்தில் வீடமைப்புத் திட்டங்கள் எழும்போது, வயல் வைத்திருப்பவர் விற்காமல் இருக்க என்ன காரணம் மிஞ்சும்?

புவிசார் குறியீடு என்ற காரணத்தைப் பலர் சொல்கிறார்கள். மலேசியாவில் 2000-இல் அதற்குச் சட்டம் வந்தது. சரவாக் மிளகு, பெர்லிஸ் ஹருமானிஸ் மாம்பழம் என்று பெயர்கள் பதிவாகியுள்ளன. தமிழ்நாட்டிலும் 2019-இல் பழனிப் பஞ்சாமிர்தம், 2020-இல் கோவில்பட்டிக் கடலைமிட்டாய் என்று பட்டியல் நீள்கிறது. நல்லதுதான். ஆனால் முத்திரை புட்டியின் மேல் ஒட்டப்படுகிறது, மரம் நிலத்தில் நிற்கிறது. நிலத்தை வரையறுத்துக் காக்காமல் பெயரை மட்டும் பதிந்தால், பெயர் பிழைத்திருக்கும்போதே தோப்பு போய்விடும். பிரெஞ்சுக்காரர்கள் செய்த காரியத்தில் பாதியை மட்டும் நாம் எடுத்துக்கொள்கிறோம் என்பதே என் குறை.

மறுபாதியைத் தாங்களாகவே செய்துகொண்டிருப்பவர்கள் பினாங்குக் கரையோர மீனவர் நல சங்கத்தார். தொண்ணூறுகளிலிருந்து சதுப்புக்கரையில் கன்று நட்டு வருகிறார்கள். தீவுக்கு எதிரே, பெருநிலத்தின் தென்கோடியில் சுங்கை ஆச்சே என்ற இடத்தில் அலையாத்திக் கல்வி மையம் வைத்திருக்கிறார்கள். மாணவர்களும் பயணிகளும் வந்தால் சேற்றில் இறங்கி நடலாம். ஜெருஜு இலையில் போட்ட தேநீர் போன்ற சதுப்புநிலப் பண்டங்களையும் அங்கே ருசிக்கலாம். தேநீருக்குக் கொடுக்கும் காசு அது விளைந்த கரைக்கே திரும்பப் போகிறது. கிராமச் சுற்றுலா என்று நான் நம்பி ஒப்புக்கொள்வது இந்த வகையைத்தான். பேருந்தில் கூட்டமாக வந்து படம் எடுத்து, நகரத்தில் தங்கி, விமான நிலையக் கடையில் ஒரு புட்டி ஜாதிக்காய்த் தைலம் வாங்கிப் போவதில் தோப்புக்காரருக்கு மிஞ்சுவது சொற்பம்.

ஆகவே பினாங்குக்கு வரும் உறவினரை அழைத்துப் போக வேண்டியிருந்தால், ஒரு நாளைத் தென்மேற்குக்கு ஒதுக்குங்கள். தோப்புக்காரரிடமே பழத்தை வாங்குங்கள். ஜாதிக்காய் ஊறுகாய் விற்பவரிடம், “அண்ணே, காய் எந்தத் தோப்பு?” என்று கேளுங்கள். பாலிக் புலாவ் காய் என்றால் கூடுதலாக இரண்டு வெள்ளி கேட்டாலும் பேரம் பேசாமல் கொடுங்கள். வேறு எங்கிருந்தோ வந்த காய் என்றால் அதையும் தெரிந்துகொள்ளுங்கள். மாவட்ட அலுவலகத்தில் தென்மேற்குக்கான நிலப்பயன்பாட்டுத் திட்டம் பொதுமக்கள் கருத்துக்கு வரும்போது எழுதிப் போடுங்கள். ஜார்ஜ்டவுன் பழைய கட்டடங்களுக்காக எழுதிய தமிழர்கள் இருக்கிறார்கள். தோப்புக்காகவும் கரைச்சேற்றுக்காகவும் எழுத இன்னும் பலர் வேண்டும்.

அடுத்த வாரம் தேனி மாவட்டம்: 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர்த் திராட்சையும், அதை விளைவிப்பவர் கணக்கில் வரவும் செலவும்.

(தொடரும்)